கல்லூரிக் காப்பகத்தில் பழைய கடிதங்கள்: பெட்டியைத் திறப்பதிலிருந்து பெயர்த்தெழுதி முடிப்பது வரை

கல்லூரிக் காப்பகத்தில் உள்ள தனிக் கடிதங்களை முதன்முதலாகக் கையில் எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்னாள் முதல்வரின் வீட்டுக் கடிதங்கள், விடுதியில் தங்கிப் படித்த மகனுக்குத் தகப்பனார் போட்ட அஞ்சலட்டைகள், ஆசிரியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை என எதுவாக இருந்தாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1960-கள் வரையிலான தமிழ்க் கடிதங்களே இங்கு முதன்மை. ஆங்கிலக் கடிதங்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பெட்டி வந்ததும் மேலே இருக்கும் கடிதத்தை விரித்துப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு கடிதம் எந்தக் கட்டில் இருந்தது, எதற்கு அடுத்து இருந்தது, எந்த உறைக்குள் இருந்தது என்பதெல்லாம் கடிதத்துக்குள் எழுதப்பட்டிருப்பதில்லை. அந்த வரிசை ஒருமுறை கலைந்தால் பிறகு எவராலும் அதை மீட்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் வாசிப்பு 6-ஆம் படியாகத்தான் வருகிறது.

1. போவதற்கு முன் முடிக்க வேண்டியவை

முதலில் கல்லூரி நூலகருக்கோ காப்பாளருக்கோ எழுத்தில் விண்ணப்பியுங்கள். எந்தக் காலத்தை, யாரை, எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதை நான்கு வரிகளில் சொன்னால் போதும். "பழைய கடிதங்களைப் பார்க்க வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால், காப்பாளரால் எந்தப் பெட்டியை எடுப்பது என்று முடிவு செய்ய முடியாது. ஆய்வு மாணவராக இருந்தால் நெறியாளரின் கடிதத்தையும் அடையாள அட்டையையும் இணையுங்கள்.

அதே விண்ணப்பத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். பெட்டிகளுக்குப் பட்டியல் இருக்கிறதா? படம் எடுக்க அனுமதி உண்டா? குடும்பத்தார் ஒப்படைத்தபோது ஏதேனும் நிபந்தனை விதித்தார்களா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. வேலையெல்லாம் முடிந்த பிறகு, வெளியிடக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருப்பது தெரியவந்தால் உழைப்பு வீணாகும்.

காப்பகத்துக்குப் போவதற்கு முன் கல்லூரி ஆண்டு மலர்கள், நாட்காட்டிக் கையேடுகள், விழா மலர்கள் ஆகியவற்றைப் பார்த்துப் பெயர்ப்பட்டியல் ஒன்று தயாரியுங்கள். முதல்வர்கள், விடுதிக் காப்பாளர்கள், பேராசிரியர்கள், அவரவர் பணியாற்றிய ஆண்டுகள், கட்டடங்களின் பெயர்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். கிறுக்கலான கையெழுத்தில் தெரிந்த பெயரைக் கண் உடனே பிடித்துவிடும். தெரியாத பெயர் எத்தனை முறை பார்த்தாலும் பிடிபடாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பென்சில், தாள்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி, அளவுகோல், 60 தமிழ் ஆண்டுகளின் அட்டவணை. பேனா பையிலேயே இருக்கட்டும். மைத்துளி ஒன்று விழுந்தால் அதை நீக்க வழியில்லை.

2. தாளைத் தொடும் முறை

கையைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். கைக்களிம்பு வேண்டாம். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டால்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தாளுக்கு அது பொருந்தாது. கையுறையில் தொடு உணர்வு குறைந்து, பொடிந்த ஓரங்கள் நூலில் மாட்டிக் கிழிகின்றன. உலர்ந்த வெறுங்கையே நல்லது. ஒளிப்படங்கள் கடிதத்தோடு இருந்தால் அவற்றுக்கு மட்டும் கையுறை அணியுங்கள்.

தாள் மேசையிலேயே இருக்கட்டும். கையில் தூக்கிப் பிடித்துப் படிக்காதீர்கள். பக்கம் திருப்ப எச்சில் தொடவே கூடாது. மடிப்பு இறுகியிருந்தால் வற்புறுத்தி விரிக்காதீர்கள். பழைய கடிதங்கள் முதலில் உடைவது மடிப்புக் கோட்டில்தான்.

துருப்பிடித்த குண்டூசியும் கம்பியும் நம் ஊர் ஈரப்பதத்தில் தாளோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் துளை பெரிதாகும். காப்பாளரிடம் காட்டுங்கள். கிழிந்த கடிதத்தைப் பசைநாடா போட்டு ஒட்டும் உதவியைச் செய்யவே செய்யாதீர்கள். சில ஆண்டுகளில் நாடா உதிர்ந்து, பசை பழுப்பேறித் தாளுக்குள் ஊறிவிடும். கடிதங்களை லேமினேட் செய்யலாமா என்று கல்லூரி நிர்வாகம் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள், பிறகு அதைப் பிரிக்க முடியாது.

மையைக் கவனியுங்கள். பழுப்பு நிற மை பெரும்பாலும் இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த மை. அதிலுள்ள அமிலம், எழுத்து இருக்கும் இடத்திலேயே தாளை அரித்திருக்கும். அழுத்தமாக எழுதிய இடங்களில் எழுத்து வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருப்பதைக் காணலாம். ஊதா நிறம் தெரிந்தால் அது சாயம் கலந்த காப்பியிங் பென்சிலாக இருக்கலாம். ஒரு துளி ஈரம் பட்டாலே வரி முழுவதும் ஊதாவாகக் கலங்கிவிடும்.

3. இருந்த வரிசையை முதலில் பதிவு செய்யுங்கள்

பெட்டியை மேலிருந்து படம் எடுங்கள். பிறகு கட்டுகளை எண்ணி, எந்தக் கட்டு எந்த நூலால் கட்டப்பட்டிருந்தது, மேலே ஏதேனும் சீட்டு இருந்ததா என்று எழுதுங்கள். கட்டைப் பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தற்காலிக எண் கொடுங்கள்: பெட்டி, கட்டு, கடிதம் என்ற வரிசையில் 2-4-17 என்பது போல. எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி அருகே வையுங்கள். கடிதத்தின் மேல் எழுதுவது காப்பாளரின் வேலை.

தேதிவாரியாக அடுக்கிவிட்டால் வசதி என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். உங்கள் குறிப்பேட்டில் எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் கை வைக்காதீர்கள். ஒரு தாய் தன் மகனின் கடிதங்களை மட்டும் தனிக் கட்டாக வைத்திருந்தால், அந்தக் கட்டு அவளுடைய தேர்வு. தேதியில்லாத கடிதத்துக்குக் காலம் கணிக்கப் பல நேரங்களில் அண்டைக் கடிதங்களே துணை. கட்டு கலைந்தால் இரண்டும் போய்விடும்.

4. வெளிப்புறத்தை முடித்த பிறகே உள்ளே

உறையும் முகவரிப் பக்கமும் தனி ஆவணங்கள். உறையைத் தனியாகவும் கடிதத்தைத் தனியாகவும் வைத்துவிட்டால் பிறகு எது எதனுடையது என்று தெரியாது.

முத்திரைகளை முதலில் படியுங்கள். பழைய தபாலில் அனுப்பிய ஊரின் முத்திரையோடு, வந்துசேர்ந்த ஊரின் முத்திரையும் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். இரண்டையும் குறித்தால் கடிதம் எத்தனை நாளில் வந்தது என்பது தெரியும். மகன் ஏன் பதில் போடவில்லை என்ற தந்தையின் கோபத்துக்குக் காரணம் சில வேளைகளில் அந்த இடைவெளியிலேயே இருக்கும்.

முத்திரை மங்கியிருந்தால் தபால்தலை கைகொடுக்கும். விக்டோரியா தலை என்றால் பெரும்பாலும் 1902-க்கு முன். அதன்பின் ஏழாம் எட்வர்டு, 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ், 1937 முதல் ஆறாம் ஜார்ஜ். சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலைகள் 1947 நவம்பரில் வந்தன. அச்சிட்ட அஞ்சலட்டை என்றால் 1879-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது, இந்தியாவில் காலணா அஞ்சலட்டை அந்த ஆண்டுதான் அறிமுகமானது. விலை அணாவில் இல்லாமல் நயா பைசாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பின். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். ஒரு தலை வெளியான பிறகும் பழைய தலைகள் சில காலம் புழக்கத்தில் இருக்கும் என்பதால், தலையைக் கொண்டு "இதற்கு முன் இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள்.

மூலையில் மஞ்சள் கறை இருந்தால் "சேதம்" என்று பதியாதீர்கள். சுபச் செய்தி என்பதற்காகத் தடவிய மஞ்சளாக இருக்கலாம். ஓரத்தில் கறுப்பு பூசியிருந்தால் துக்கச் செய்தி. இவற்றை அழுக்கு என்று நினைத்துத் துடைக்க முயன்றவர்களை நானே தடுத்திருக்கிறேன்.

5. படம் எடுப்பது

ஃபிளாஷ் வேண்டாம். கடிதத்துக்கு நேர் மேலிருந்து, அளவுகோலும் எண் சீட்டும் சட்டகத்துக்குள் வரும்படி எடுங்கள். சீட்டு இல்லாத படங்கள் இரண்டு மாதம் கழித்து யாருடையவை என்றே தெரியாமல் குவியும்.

வெற்றுப் பக்கங்களையும் எடுங்கள். பின்பக்கம் காலி என்று தெரிந்தால்தான் கடிதம் அங்கே முடிகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஸ்கேனர் இருந்தால் 300 முதல் 400 டிபிஐ போதுமானது, நுண்ணிய எழுத்துக்கு 600. மங்கிய வரிகளுக்கு விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து ஒளி விழச் செய்து இன்னொரு படம் எடுங்கள். பேனா முனை பதிந்த பள்ளம் நிழலில் தெரியும்.

6. வாசிப்பு

படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஒரு முறை தொடர்ச்சியாகப் படித்துக்கொண்டே போங்கள். புரியாத சொல்லில் நிற்காதீர்கள். அடுத்த பக்கத்தில் அதே சொல் தெளிவாக வரக்கூடும்.

இரண்டாம் முறை, எழுதியவரின் கைக்கு ஓர் எழுத்து அட்டவணை போடுங்கள். ஐயமில்லாமல் தெரிந்த இடங்களிலிருந்து தொடங்குங்கள். "இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுத வேண்டியது" என்பது போன்ற வழக்கமான தொடக்க வரி இதற்கு மிகப் பெரிய உதவி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது முன்பே தெரியும் என்பதால், எப்படி எழுதியிருக்கிறார் என்பதை மட்டும் கவனிக்கலாம். அங்கே கிடைத்த வடிவங்களைக் கொண்டு மற்ற வரிகளை அவிழ்க்கலாம். ம-ரா-ரா-ஸ்ரீ என்றிருந்தால் அது மகாராஜராஜஸ்ரீ என்ற மரியாதை அடைமொழியின் சுருக்கம்.

பழைய கையெழுத்தில் மூன்று சிக்கல்கள் வரும். முதலாவது, புள்ளி பெரும்பாலும் இருக்காது. இரண்டாவது, ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். மூன்றாவது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடாமல் ஒரே கொம்பில் வரும். "கெடடான" என்று இருப்பது "கேட்டான்" ஆகலாம், "கெட்டான்" ஆகலாம். சூழலைப் பார்க்காமல் முடிவெடுத்தால், பணம் கேட்ட தம்பி பிழைப்பில் கெட்ட தம்பியாகிவிடுவான். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா ஆகியவையும் ணை, லை, ளை, னை ஆகியவையும் வேறு வடிவத்தில் எழுதப்பட்டன. பழைய அச்சுப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரே நாளில் கண் பழகிவிடும்.

குறியீடுகளில்தான் மிகுதியான தவறுகள் நடக்கின்றன. ௵ ஆண்டு, ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி, ௹ ரூபாய். அவசரக் கையில் முதல் மூன்றும் ளு, மீ, உ என்று தோன்றும். தமிழ் எண்களும் எழுத்துப் போலவே இருக்கும்: ௧ என்பது க போல, ௭ என்பது எ போல, ௮ என்பது அ போல. உச்சியில் தனியாக நிற்கும் உ பிள்ளையார் சுழி. நடுவில் நிற்பது எண் 2 ஆகலாம், நாள் என்பதன் குறியும் ஆகலாம். இடத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆங்கிலக் கடிதமாக இருந்தால், தேதிக்குப் பின் வரும் "இன்ஸ்ட்" இந்த மாதத்தையும் "அல்ட்" சென்ற மாதத்தையும் "பிராக்ஸ்" வரும் மாதத்தையும் குறிக்கும். தபால் செலவை மிச்சப்படுத்த, எழுதிய பக்கத்தையே திருப்பிக் குறுக்கே மீண்டும் எழுதிய கடிதங்களும் உண்டு. ஒரு திசையின் வரிகளை முழுவதும் முடித்த பிறகு மற்றத் திசைக்குப் போங்கள்.

7. தேதியை உறுதி செய்தல்

தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அது 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். "விஜய ௵ தை ௴" என்று இருக்கிறது என்று வையுங்கள். விஜய ஆண்டு 1893 சித்திரையிலும் தொடங்கியது, 1953 சித்திரையிலும் தொடங்கியது. தபால்தலையும் முத்திரையும் எது என்று காட்டிவிடும். தை மாதம் சித்திரையில் தொடங்கிய ஆண்டின் பிற்பகுதியில் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. ஆகவே அது 1894 ஜனவரி-பிப்ரவரி அல்லது 1954 ஜனவரி-பிப்ரவரி. தை, மாசி, பங்குனிக் கடிதங்களையும் மார்கழியின் கடைசிப் பாதியையும் ஓர் ஆண்டு முன்னதாகப் பதிவது நான் மிக அதிகமாகக் காணும் பிழை.

கிழமை எழுதியிருந்தால் பொருத்திப் பாருங்கள். எல். டி. சாமிக்கண்ணு பிள்ளை தயாரித்த காலக்கணிப்பு அட்டவணைகள் இதற்கு இன்றும் நம்பத்தக்கவை. நெல்லை, குமரிப் பகுதிக் கடிதங்களில் கொல்லம் ஆண்டு இருக்கலாம். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824, அதற்குப் பின் 825 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாள் கொண்டது என்பதால் கூட்டல் கணக்கு உதவாது, அட்டவணை வேண்டும்.

கடிதத்தில் உள்ள தேதி, நீங்கள் கணித்த தேதி, கணித்த விதம் என மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். அடுத்து வருபவர் உங்கள் கணிப்பைச் சரிபார்க்க வேண்டுமானால் இந்தப் பிரிவு அவசியம்.

8. பெயர்த்தெழுதுதல்

பெயர்த்தெழுதுதல் என்பது கடிதத்தில் உள்ளதை அதே மொழியில் படியெடுத்து எழுதுவது, மொழிபெயர்ப்பு அல்ல. தொடங்குமுன் விதிகளை எழுதி முதல் பக்கத்தில் வையுங்கள். நான் பரிந்துரைப்பது இது. புள்ளியும் நெடிலும் இன்றைய முறைப்படி இடுங்கள், அப்படி இட்டதை விதிகளில் சொல்லிவிடுங்கள். எழுத்துப்பிழை, பேச்சு வழக்கு, வடசொல் எதையும் திருத்தாதீர்கள். நீங்கள் சேர்ப்பதெல்லாம் சதுர அடைப்புக்குள் வரட்டும். ஐயத்துக்கு [?], படிக்க முடியாததற்கு [...]. அடித்த சொற்களையும் "அடிக்கப்பட்டது" என்ற குறிப்போடு சேருங்கள். ஒருவர் எழுதி, யோசித்து, அடித்த சொல் சில வேளைகளில் கடிதத்தின் மிக முக்கியமான சொல்லாக இருக்கும்.

"வந்தாச்சு" என்று ஒரு தாய் எழுதியதை "வந்துவிட்டது" என்று மாற்றினால் அவள் குரலே போய்விடும். பள்ளிக்கூடம் போகாதவர் தானே முயன்று எழுதிய எழுத்துக்கூட்டல், அவர் எப்படிப் பேசினார் என்பதற்கான சான்று. திருத்தும் ஆசை தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே அதிகம் வருகிறது.

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். ௵, ௴, ௳ எல்லாம் அதில் உண்டு. கையெழுத்தைத் தானே படித்துத் தரும் மென்பொருளைப் பயன்படுத்தினால், மூலத்தோடு சொல் சொல்லாக ஒப்பிடாமல் எதையும் ஏற்காதீர்கள். தெரியாத இடத்தில் அது தடுமாறுவதில்லை, பொருத்தமாகத் தோன்றும் ஏதோ ஒன்றை எழுதிவிடுகிறது.

9. ஆளையும் உறவையும் அடையாளம் காணுதல்

விளியைப் பாருங்கள். "சிரஞ்சீவி" என்று தொடங்கி ஆசீர்வாதம் சொன்னால் எழுதுபவர் மூத்தவர். "தேவரீர்", "நமஸ்காரம்" என்றால் இளையவர், அல்லது பணிந்து எழுத வேண்டிய நிலையில் இருப்பவர். "சௌபாக்கியவதி" என்றால் பெரும்பாலும் சுமங்கலி. பெயர் தெரியாத நிலையிலும் இருவருக்குமான படிநிலை இதிலேயே கிடைக்கிறது.

உறவுச் சொல்லை வைத்து உடனே குடும்ப மரம் போடாதீர்கள். அண்ணன் என்பது பெரியப்பா மகனாக இருக்கலாம். மாமா என்பது தாயின் தம்பி, அத்தையின் கணவர், மாமனார் என எவராகவும் இருக்கலாம். ஒரே மனிதர் ஒரு கடிதத்தில் முதலெழுத்துகளோடும், இன்னொன்றில் ஊர்ப்பெயரோடும், வீட்டுக் கடிதத்தில் செல்லப்பெயரோடும் வருவார். குறைந்தது இரண்டு தனிச் சான்றுகள் ஒத்துப்போகும்வரை மூவராகவே பதிவு செய்யுங்கள். தவறாக இணைத்த இருவரைப் பின்னால் பிரிப்பது, தனித்தனியாக வைத்தவர்களை இணைப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

10. பெட்டியில் இல்லாத கடிதங்கள்

பெட்டியில் இருப்பது பெரும்பாலும் வந்த கடிதங்கள். போன கடிதங்கள் பெற்றவர் வீட்டில் இருக்கும். உரையாடலின் பாதியை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதைக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும்.

மிஷன் கல்லூரிகளுக்கு மறுபாதி வெளிநாட்டில் இருக்கலாம். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பணியாற்றிய அமெரிக்க மிஷனின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹௌடன் நூலகத்திலும், லண்டன் மிஷன் சங்கத்தினுடையவை லண்டன் சோயாஸ் (கீழை, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரி) நூலகத்திலும், சர்ச் மிஷனரி சங்கத்தினுடையவை பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. எனப்படும் ஆங்கிலிக்கன் நற்செய்திப் பரப்புச் சங்கத்தினுடையவை ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலும் உள்ளன. ஸ்காட்லாந்து மிஷன் ஆவணங்களுக்கு எடின்பரோவின் தேசிய நூலகத்தைக் கேளுங்கள். பெயரும் தேதியும் உறுதியான பிறகு கேட்டால்தான் அங்கிருந்து பயனுள்ள பதில் வரும். அதனால்தான் இது 10-ஆம் படி.

இன்னொரு வகை இன்மையும் உண்டு. சாவுச் செய்தி வந்த கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம். ஆகவே ஒரு கட்டில் கல்யாணமும் பிறப்புமாக நிறைந்து, இறப்பே இல்லாதது போலத் தோன்றலாம். திடீரென ஒருவர் நலம் விசாரிப்பு வரியிலிருந்து மறைந்தால் அந்த இடத்தில் குறி வையுங்கள்.

11. வெளியிடுவதற்கு முன்

தாள் கல்லூரிக்குச் சொந்தமாக இருக்கலாம். சொற்களின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, பெற்றவருக்கு அல்ல. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுமக்கள் அணுகக்கூடிய நூலகத்திலோ நிறுவனத்திலோ உள்ள வெளியிடப்படாத எழுத்தை ஆய்வுக்காகவோ வெளியீட்டுக்காகவோ படியெடுக்க, எழுதியவர் யார் என்று தெரிந்திருந்தால், அவர் இறந்து 60 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். எழுதியவரின் இறந்த ஆண்டைக் கண்டுபிடிப்பது ஆகவே சட்ட வேலையும்கூட.

சட்டம் அனுமதித்தாலும் ஒருமுறை யோசியுங்கள். கடன், நோய், சாதி விலக்கு, கலைந்த திருமணம் இவையெல்லாம் வீட்டாருக்கு மட்டும் என்று நம்பி எழுதப்பட்டவை. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பேசிவிட்டு வெளியிடுங்கள். பேசியதால் இன்னொரு கட்டுக் கடிதம் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிவந்ததும் உண்டு.

12. திரும்பக் கொடுத்தல்

மேற்கோள் காட்டும்போது கல்லூரி, சேகரிப்பின் பெயர், பெட்டி, கட்டு, கடித எண், எழுதியவர், பெற்றவர், தேதி என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். "கல்லூரிக் காப்பகத்தில் உள்ள ஒரு கடிதம்" என்று எழுதினால் எவராலும் அதைத் தேடி எடுக்க முடியாது.

பெயர்த்தெழுதியதன் ஒரு பிரதி, பெயர்ப்பட்டியல், தேதிக் கணிப்புகள், பட்டியலில் நீங்கள் கண்ட பிழைகள் ஆகியவற்றைக் காப்பாளரிடம் கொடுங்கள். கோப்பாக மட்டும் கொடுக்காமல் அச்சிட்டும் கொடுங்கள், பெட்டிக்குள்ளேயே ஒரு பிரதி இருக்கட்டும். அடுத்த மாணவர் அதே கட்டைப் பிரிக்க வேண்டிய தேவை அதனால் குறையும், மடிப்புகளும் இன்னும் சில காலம் தாங்கும்.